ஒரு நாளில் பைக்கில் எவ்வளவு தூரம் போகலாம்?

முதன்முறையாக வெளியூருக்குப் பைக்கில் கிளம்புகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. சுற்றி வளைக்காமல் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதுவரை ஊருக்குள்ளும் பக்கத்து ஊருக்கும் மட்டுமே வண்டி ஓட்டியவர் என்றால், நல்ல நான்கு வழிச்சாலையிலும் முதல் நாளுக்கு 250 கிலோமீட்டர் போதும். நாலைந்து பயணம் பழகிய பிறகு 350, 400 வரை போகலாம். பல ஆண்டுப் பழக்கம் உள்ளவருக்கும் 500-ஐத் தாண்டும் நாள் அரிதாகவே இருக்க வேண்டும். மலைப்பாதை என்றால் எல்லாமே பாதிக்கும் கீழ்.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துகொண்டால், உங்கள் வண்டிக்கும் உடம்புக்கும் போகிற சாலைக்கும் பொருந்தும் எண்ணை நீங்களே கணக்கிட்டுவிடலாம். நண்பர் ஒருவர் ஒரே நாளில் சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய்ச் சேர்ந்தார் என்பதற்காக, அந்த 700 கிலோமீட்டரை நாமும் எட்டிப்பிடிக்க வேண்டும் என்று நினைப்பதில்தான் ஆபத்து தொடங்குகிறது.

வண்டி தாங்கும்

முதலில் வண்டியைப் பற்றிய கவலையை ஒதுக்கிவைக்கலாம். நூறு சிசி வண்டியில் அவ்வளவு தூரம் போக முடியுமா என்று பலர் தயங்குகிறார்கள். தாராளமாகப் போகலாம். ஹீரோ ஸ்பிளெண்டரின் டேங்க் 9.8 லிட்டர் பிடிக்கும். லிட்டருக்கு 60 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், சென்னையில் நிரப்பிக்கொண்டு கிளம்பி 460 கிலோமீட்டர் தள்ளியுள்ள மதுரைக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் பெட்ரோல் மிச்சமிருக்கும். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இன் டேங்க் 13 லிட்டர். லிட்டருக்கு 35 கொடுத்தாலே 450 கிலோமீட்டர் ஆகிவிடும். மணிக்கு ஒருமுறை எஞ்சினை ஆறவிட வேண்டும் என்பது பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிகளின் காலத்து வழக்கம். ஆயில் சரியாக உள்ள இன்றைய எஞ்சின் மிதமான, சீரான வேகத்தில் மணிக்கணக்கில் ஓடும். வழியில் ஆற வேண்டியவர் ஓட்டுகிறவர்தான்.

கிளம்புவதற்கு முதல் நாள் செயினின் தொய்வைப் பார்த்து எண்ணெய் விடுங்கள். பிரேக், விளக்குகள், ஆயில் அளவு ஆகியவற்றை ஒருமுறை சரிபாருங்கள். டயரில் காற்று எவ்வளவு இருக்கிறது என்பதைக் காலையில், டயர் சூடாவதற்கு முன் பார்க்க வேண்டும். வண்டிக்கு இவ்வளவு போதும். இனி மனிதரைப் பார்ப்போம்.

மணிக் கணக்கு

பஸ்ஸில் போகும்போது யாரும் கிலோமீட்டரில் பேசுவதில்லை. திருச்சி எத்தனை மணி நேரம் என்றுதான் கேட்கிறோம். பைக்குக்கும் அந்தக் கேள்விதான் சரியானது. உடம்புக்குக் கிலோமீட்டர் தெரியாது. எத்தனை மணி நேரம் சீட்டில் உட்கார்ந்திருந்தோம் என்பதுதான் தெரியும்.

எனவே முதலில் உங்கள் சராசரி வேகத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். இதில்தான் புதியவர்கள் ஏமாந்துபோகிறார்கள். ஸ்பீடோமீட்டர் முள் 80-இல் நிற்பதைப் பார்த்து, ஐந்து மணி நேரத்தில் 400 கிலோமீட்டர் போய்விடலாம் என்று மனம் கணக்குப் போடும். அந்தக் கணக்கு எந்தச் சாலையிலும் பலித்ததில்லை. (80 என்பது நான்கு வழிச்சாலையில் இரு சக்கர வாகனங்களுக்கு மத்திய அரசு 2018-இல் அறிவித்த உச்ச வரம்பும்கூட.) தாம்பரத்தைத் தாண்டும்வரை நெரிசல். செங்கல்பட்டைத் தாண்டியதும் பாலாறு பாலத்தில் லாரிகள் வரிசை கட்டி நிற்கலாம். எங்காவது மேம்பால வேலை நடந்து, வண்டிகளை அணுகுசாலையில் திருப்பிவிட்டிருப்பார்கள். முள் 75-க்கும் 80-க்கும் இடையில் இருப்பதாக உங்களுக்குத் தோன்றினாலும், ஓடும் நேரத்தின் உண்மையான சராசரி 60-ஐத் தாண்டுவது கடினம். அதோடு நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் 45-க்கு வந்துவிடும்.

சென்னையிலிருந்து மதுரைக்குப் போவதையே எடுத்துக்கொள்வோம். தாம்பரத்திலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய 440 கிலோமீட்டர். மணிக்கு 60 என்றால் ஓட்டம் மட்டுமே ஏழரை மணி நேரத்தை நெருங்கும். நான்கு சிறு நிறுத்தங்களுக்கு ஒரு மணி நேரம், காலை உணவுக்கு அரை மணி, மதிய உணவுக்கு முக்கால் மணி. ஆக மொத்தம் ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல். காலை வெளிச்சம் வந்ததும் ஆறு மணிக்குக் கிளம்பினால் மாலை மூன்றரை, நான்கு மணிக்கு மாட்டுத்தாவணி. இது எல்லாம் ஒழுங்காக நடந்த நாளின் கணக்கு. ஒரு பஞ்சர், ஒரு மழை, ஒரு மணி நேர நெரிசல் சேர்ந்தால் ஆறு மணி; டிசம்பரில் என்றால் இருட்டிவிடும். எனவே இந்தப் பயணம் பழகியவருக்கு ஒரு முழு நாள். புதியவர் இதை இரண்டாகப் பிரித்து வழியில் ஒரு இரவு தங்குவதே முறை.

நேரத்தை விட்டுவிட்டோம், வேகமாகப் போய்ப் பிடித்துவிடலாம் என்ற எண்ணம் வரும்போது ஒரு சிறு கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். 70-இல் போகும்போது ஒரு கிலோமீட்டருக்கு 51 விநாடிகளுக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும்; 80-இல் 45 விநாடி. கிலோமீட்டருக்கு மிச்சம் ஆறரை விநாடிதான். டீக்கடையில் கூடுதலாக இருந்த 20 நிமிடத்தை இப்படி ஈடுகட்ட ஏறக்குறைய 187 கிலோமீட்டர் இடைவிடாமல் 80-இல் ஓட்ட வேண்டும். விழுப்புரத்தில் விட்டதைத் திருச்சிக்குள் பிடிக்க முடியாது. இது புரிந்த நாளிலிருந்து நான் நெடுஞ்சாலையில் யாரையும் துரத்துவதில்லை.

களைப்பு எங்கிருந்து வருகிறது

சும்மா உட்கார்ந்துகொண்டுதானே போகிறோம், இதில் என்ன களைப்பு என்று பைக் ஓட்டாதவர்கள் கேட்பார்கள். அவர்களைப் போன்றவர்களுக்காக மட்டுமல்ல, ஓட்டுகிறவர்களுக்காகவும் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் களைப்பு ஒரு வாசல் வழியாக வருவதில்லை.

முதலாவது காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறும். 60-இலிருந்து 80-க்குப் போனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியிருக்கும். மார்பில் மோதும் அழுத்தமோ முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடும். அதைத் தாங்கிக் கழுத்தும் தோளும் முன்கையும் நாள் முழுக்க இறுகிக்கொண்டே இருக்கும். இரவு படுத்த பிறகு கழுத்தின் பின்பக்கம் வலிக்கிறதே, அது இதனால்தான்.

இரண்டாவது இரைச்சல். 80-இல் போகும்போது ஹெல்மெட்டுக்குள் காற்றின் ஓசை 90 டெசிபலைத் தாண்டும். முகம் முழுக்க மூடிய ஹெல்மெட்டும் இதைப் பெரிதாகக் குறைக்காது. எட்டு மணி நேரம் அந்த இரைச்சலுக்குள் இருந்தால் காது பழகிவிடும். மூளை பழகாது, சோர்ந்துபோகும். மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு போன்ற காதடைப்பானை முதன்முறை வைத்துக்கொண்டு ஓட்டியபோது, மாலையில் எனக்கு மிச்சமிருந்த தெம்பைப் பார்த்து வியந்தேன். லாரி ஹாரன் தெளிவாகக் கேட்டது; காற்றின் சீற்றம் மட்டும் அடங்கியிருந்தது. நெடும்பயணத்துக்கு வாங்கும் பொருட்களில் விலைக்கு மிஞ்சிய பலன் தருவது இதுதான் என்பது என் துணிந்த கருத்து.

மூன்றாவது அதிர்வு. ஒற்றை சிலிண்டர் வண்டியில் இரண்டு மணி நேரம் போனால் விரல் நுனிகள் மரத்துப்போகும். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கிறவர்களுக்கு விரைவில் மரக்கும். கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோலப் பிடித்தால் போதும்.

நான்காவது வெயில். இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். காற்று அடிக்கிறதே, வெப்பம் தெரியாது என்று அரைக்கைச் சட்டையில் கிளம்பிவிடுவார்கள். நம் தோலின் வெப்பம் ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸ். அதைவிடக் காற்றின் வெப்பம் கூடிவிட்டால், மேலே படும் காற்று உடம்பைக் குளிரவைக்காது, சூடேற்றும். கத்திரி வெயிலில் 40 டிகிரி அனல் காற்று வெறுங்கையில் மோதும்போது வியர்வை வந்த வேகத்திலேயே காய்ந்துவிடும். சட்டை நனையாததால் தண்ணீர் போவதே தெரியாது. முதலில் தலைவலி, பிறகு எரிச்சல், பிறகு மந்தம். முழுக்கை ஜாக்கெட் போட்டு, உள்ளே பருத்திச் சட்டையை நனைத்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு டம்ளர் தண்ணீர். மோர், இளநீர், நுங்கு கிடைக்கும் இடத்தில் இன்னும் நல்லது. மே மாதத்தில் பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை சாலையில் இருக்கவே கூடாது என்று வைத்துக்கொண்டால், அன்றைய தூரம் தானாகவே 250, 300-க்குள் அடங்கிவிடும்.

கடைசியாகக் கவனம். நம் நெடுஞ்சாலையில் இதற்கு ஆகும் செலவுதான் மிகப் பெரியது. சாலையின் நடுவே அரளிச் செடிகளை வளர்த்திருக்கிறார்கள். எதிரே வரும் விளக்கின் கூச்சத்தை அவை தடுக்கின்றன. ஆனால் அந்த அரளிக்குப் பின்னால் சாலையைக் கடக்க ஒரு பாட்டி நிற்பதையும் மறைத்துவிடுகின்றன. ஆட்டு மந்தை வரும், எதிர்த் திசையில் மொபெட் வரும், இடதுபக்கம் நிற்கும் லாரிக்கு முன்னாலிருந்து நாய் பாயும். ஒவ்வொரு கிலோமீட்டரிலும் இருபது முடிவுகள் எடுத்துக்கொண்டிருக்கிறோம். கை கால் ஓய்வதற்கு முன்பே முடிவெடுக்கும் இந்தத் திறன் ஓய்ந்துவிடும் என்பதுதான் சிக்கல். ஓய்ந்ததை அறிந்துகொள்ளவும் அதே மூளைதான் வேண்டும்.

விக்கிரவாண்டியை நான் பார்க்கவில்லை

சில ஆண்டுகளுக்கு முன் மதுரையிலிருந்து சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. முந்தைய இரவு கல்யாண வீடு. நான்கு மணி நேரத் தூக்கம். காலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டியவன், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அத்தை பிடித்துக்கொண்டதால் பதினொன்றுக்குத்தான் கிளம்பினேன். திங்கள் காலை அலுவலகம். உளுந்தூர்ப்பேட்டையில் டீ குடித்தது நினைவிருக்கிறது. கண்ணாடி டம்ளரின் விளிம்பு உடைந்திருந்ததுகூட நினைவிருக்கிறது. அதற்கு அடுத்து நினைவிருப்பது திண்டிவனம் என்ற பெயர்ப்பலகை.

இடையில் எழுபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. விழுப்புரம் புறவழிச்சாலை இருக்கிறது. விக்கிரவாண்டி சுங்கச்சாவடி இருக்கிறது. இரு சக்கர வாகனங்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் இடது ஓரத்திலுள்ள குறுகிய வழியில் நுழைந்து போக வேண்டும். வேகத்தைக் குறைக்க வேண்டும், கியரை இறக்க வேண்டும், கார்களுக்கு இடையில் புகுந்து மறுபடி சாலையில் சேர வேண்டும். இத்தனையையும் என் கையும் காலும் செய்திருக்கின்றன. நான் அங்கே இல்லை. ஓரமாக நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றிக் கிலோமீட்டர் கல்லின்மேல் வைத்தேன். கை நடுங்கிக்கொண்டிருந்தது. அன்று இரவு திண்டிவனத்தில் ஒரு விடுதியில் அறை எடுத்துத் தங்கினேன். சென்னைக்கு இன்னும் 120 கிலோமீட்டர்தான் இருந்தது.

ஒரே மாதிரியான சாலையில், ஒரே மாதிரியான ஓசையில் மணிக்கணக்கில் போகும்போது மனம் இப்படி அணைந்துவிடுவது உண்டு. அதற்கு அடுத்த படி கண் சொருகுதல். மூன்று விநாடி, நான்கு விநாடி நீடிக்கும் குட்டித் தூக்கம் அது. தூங்கினோம் என்பதே பல நேரம் தெரியாது. 80-இல் போகும் வண்டி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடும். நான்கு விநாடியில் 88 மீட்டர். காரில் இருக்கிறவருக்கு அந்த 88 மீட்டரில் நான்கு சக்கரமும் இரும்புக் கூடும் துணை. நமக்கு எதுவும் இல்லை.

தூக்கமின்மையை நாம் மதுவுக்கு நிகராக வைத்துப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும். 1997-இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வொன்று, தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் தடுமாற்றத்துக்கு நிகரானது என்று காட்டியது. இந்தியாவில் வாகனம் ஓட்டுகிறவருக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03 விழுக்காடு. வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு எழுந்து, வேலை முடித்து, இரவு பதினொன்றுக்கு வண்டியை எடுக்கிறவர் கிளம்பும்போதே அந்த நிலையில் இருக்கிறார். இரவில் சாலை காலியாக இருக்கும் என்று சொல்லி இப்படிக் கிளம்புவது நம் இளைஞர்களிடம் மிகப் பரவலான வழக்கம். தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினால் ஆறேழு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்வீர்கள், அவ்வளவுதான்.

இருட்டுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 80-இல் போகும்போது ஒரு பொருளைக் கண்டு, பிரேக்கைப் பிடித்து, வண்டி முழுதாக நிற்க 70, 75 மீட்டர் வேண்டும். பெரும்பாலான பைக்குகளின் தாழ்ந்த வெளிச்சம் அவ்வளவு தூரம் எட்டாது. அதாவது வெளிச்சத்தில் ஏதாவது தெரிந்தால், அதற்குள் நிற்க முடியாது. இருட்டிவிட்டால் வேகத்தை 50-க்குக் குறைக்க வேண்டும். குறைத்தால் மணிக் கணக்கு மாறும். ஆகவே இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஊர் சேருவதாகத் திட்டமிடுங்கள்.

எப்போது நிற்பது

களைத்த பிறகு நிற்பது தாமதம். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது 80 கிலோமீட்டருக்கு ஒருமுறை, தெம்பாக இருந்தாலும் நில்லுங்கள். வண்டியிலிருந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, பத்து நிமிடம் நடந்தால்தான் அது நிறுத்தம். சீட்டில் உட்கார்ந்தபடியே கைப்பேசியைப் பார்ப்பதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு வரை உடம்புக்கு இயல்பாகவே தூக்கம் வரும். பின்னிரவு இரண்டிலிருந்து ஆறு வரையும் அப்படித்தான். இந்த இரண்டும் உடலின் கடிகாரம் வகுத்தவை. அதனுடன் வாழை இலையில் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்ட சாப்பாடும் சேர்ந்தால், சமயபுரம் தாண்டுவதற்குள் கண் இழுக்கும். காலையில் இட்லியோ பொங்கலோ நன்றாகச் சாப்பிடுங்கள். மதியம் தயிர்ச்சோறு, ஒரு வாழைப்பழம் என்று வயிற்றை லேசாக வைத்திருங்கள். முழுச் சாப்பாட்டை இரவுக்குத் தள்ளுங்கள். போய்ச் சேர்ந்த ஊரில் நிதானமாக உட்கார்ந்து சாப்பிடும் இன்பமே தனி.

கண் எரிகிறது, அடிக்கடி கொட்டாவி வருகிறது, வெள்ளைக் கோட்டின்மேல் வண்டி ஏறி இறங்குகிறது, கடைசியாக எந்த ஊரைத் தாண்டினோம் என்று தெரியவில்லை, இண்டிகேட்டரை அணைக்க மறந்து ஐந்து கிலோமீட்டர் வந்துவிட்டோம், முன்னால் போகிற காரின்மேல் காரணமில்லாமல் கோபம் வருகிறது. இவற்றில் ஒன்று வந்தாலே அடுத்த பெட்ரோல் பங்கில் ஒதுங்கிவிடுங்கள். முகம் கழுவுவதும் பாட்டுப் பாடுவதும் ஐந்து நிமிடத்துக்குத்தான் உதவும். தூக்கத்துக்கு மருந்து தூக்கம் ஒன்றே. ஒரு காபி குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் படுத்துவிடுங்கள். காபி வேலை செய்யத் தொடங்க ஏறக்குறைய அவ்வளவு நேரம் பிடிக்கும். விழிக்கும்போது இரண்டின் பலனும் சேர்ந்து கிடைக்கும். நிழல், பக்கத்தில் ஆள் நடமாட்டம், வண்டியைப் பார்த்துக்கொள்ள ஒரு கடைக்காரர். இவை இருக்கும் இடமாகப் பார்த்து, கைப்பேசியில் மணி வைத்துக்கொண்டு படுங்கள்.

சாலை மாறினால் எண் மாறும்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 65 கிலோமீட்டர்தான். ஆழியாற்றைத் தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். கீழே இறங்கி வரும் அரசுப் பஸ் திரும்புவதற்குச் சாலை முழுவதும் வேண்டும். அதற்கு வழிவிட்டு, கூட்டம் கூட்டமாக நிற்கும் குரங்குகளைத் தாண்டி, வரையாடு தெரிந்தால் நின்று பார்த்துப் போக இரண்டரை மணி நேரம் ஆகும். கொல்லிமலையில் 70 வளைவுகள். மலையில் ஓட்டத்தின் சராசரியே 25, 30-தான்; கிளட்சும் பிரேக்கும் பிடித்துப் பிடித்து மணிக்கட்டு ஓய்ந்துவிடும். மலையில் 120 கிலோமீட்டர் என்பது ஒரு முழு நாள். சில காட்டுச் சாலைகளில் இரவில் வழியே இல்லை என்பதையும் கவனத்தில் வையுங்கள். முதுமலையைத் தாண்டிப் பந்திப்பூர் வழியாக மைசூரு போகிறவர் இரவு ஒன்பதுக்குள் காட்டைக் கடக்காவிட்டால் காலை ஆறு வரை காத்திருக்க வேண்டும்.

இந்தக் கணக்கின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் மணாலி – லே சாலையைப் பாருங்கள். ஏறக்குறைய 430 கிலோமீட்டர். நம் ஊர் அளவில் சென்னை – மதுரைக்கும் குறைவு. அதை இரண்டு நாளாகப் பிரித்துத்தான் போவார்கள், மூன்று நாள் எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. தங்லாங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேல். அங்கே மூச்சு முட்டுகிறவருக்குக் கிலோமீட்டர் என்பது பொருளில்லாத சொல்.

மழைக்காலத்தில் எந்தத் தூரத்திலும் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். பின்னால் ஒருவர் உட்கார்ந்து வந்தால் அவருடைய முதுகைக் கேட்டுத்தான் தூரத்தை முடிவு செய்ய வேண்டும்; பிடித்துக்கொள்ளக் கைப்பிடியோ பார்க்கச் சாலையோ இல்லாத அவருக்குக் களைப்பு சீக்கிரம் வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கோடிக்குப் போகிறவர்கள், கயத்தாற்றிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பக்கவாட்டில் அடிக்கும் காற்றையும் எதிர்பார்த்துப் போக வேண்டும். அத்தனை காற்றாலைகளைச் சும்மா அங்கே நட்டுவைக்கவில்லை.

இரண்டாம் நாளும் உண்டு

ஒரு நாள் 450 போன கையோடு அடுத்த நாளும் 450 போகலாம் என்று திட்டமிடுகிறவர்கள் உடம்பின் கடனை மறந்துவிடுகிறார்கள். முதல் நாளின் களைப்பு ஓர் இரவில் முழுதாகத் தீராது. பல நாள் பயணம் என்றால், ஒற்றை நாளில் உங்களால் முடிகிற தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கை வைத்துத் திட்டம் போடுங்கள்; நான்காவது நாள் வண்டியைத் தொடவே வேண்டாம். திரும்பி வரும் நாளைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். போகும்போது உற்சாகம் கண்ணைத் திறந்து வைத்திருக்கும். திரும்பும்போது மனம் முன்பே வீடு போய்விடும்.

இதையெல்லாம் மீறி ஒரே நாளில் மிக நீண்ட தூரம் போகிறவர்கள் இருக்கிறார்களே என்று கேட்கலாம். அமெரிக்காவின் அயர்ன் பட் அசோசியேஷன் நடத்தும் சேடில் சோர் 1000 என்ற சவாலில் 24 மணி நேரத்துக்குள் ஆயிரம் மைல், அதாவது 1,609 கிலோமீட்டர் போக வேண்டும். இந்தியாவிலும் பலர் அதை முடித்திருக்கிறார்கள். நிற்கும் நேரமெல்லாம் சேர்த்து மணிக்கு 67 கிலோமீட்டர் சராசரி அது. அவர்களின் திறமை வேகத்தில் இல்லை. வீணாக நிற்காமல், ஒவ்வொரு நிறுத்தத்தையும் முன்பே திட்டமிட்டு, பெட்ரோலையும் தண்ணீரையும் கழிவறையையும் ஒரே இடத்தில் முடித்துக்கொள்வதில் இருக்கிறது. கற்றுக்கொள்ள வேண்டியது அந்த ஒழுங்கை. அந்த எண் நமக்கு வேண்டாம். முதல் ஐந்து ஆண்டுகளுக்காவது வேண்டாம்.

உங்கள் எண்ணைக் கண்டுபிடிப்பது

என்னிடம் ஒரு சிறிய நோட்டு இருக்கிறது. திண்டிவனத்துக்குப் பிறகு வாங்கியது. ஒவ்வொரு பயணம் முடிந்த அன்று இரவே அதில் ஒரு வரி எழுதுவேன். எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீட்டர், கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், நிறுத்தங்கள். முடிவில் கடைசி ஒரு மணி நேரம் எப்படி ஓட்டினேன் என்பதற்கு ஒரு சொல். தெளிவு, மந்தம், மோசம் இவற்றில் ஒன்று. நாளின் தூரத்தை அளக்கும் கோல் அந்தக் கடைசி மணிதான். காலையில் எல்லோரும் நன்றாகத்தான் ஓட்டுவார்கள்.

நீங்களும் இதைச் செய்து பாருங்கள். 150 கிலோமீட்டரில் தொடங்குங்கள். அதே நாள் திரும்பாமல் அங்கேயே தங்கிவிடுங்கள். கடைசி மணி மூன்று பயணங்களில் தொடர்ந்து தெளிவாக இருந்தால் 50 கிலோமீட்டர் கூட்டலாம். மந்தம் என்றால் அதே தூரத்திலேயே இருங்கள். மோசம் என்றால் 50-ஐக் குறைத்துவிடுங்கள். வயது ஏறும், உடம்பு மாறும், சாலை மாறும். எண் இறங்கினால் வருத்தப்பட எதுவும் இல்லை. என்னுடைய எண் இப்போது 400. ஒரு காலத்தில் 520 வரை எழுதியிருக்கிறேன். அந்த வரிகளில் பாதிக்கு நேரே மந்தம் என்றுதான் இருக்கிறது.

போன மாதம் எழுதிய வரி இது:

திருச்சி – நாகர்கோவில். 375 கி.மீ. காலை 5.50 – பிற்பகல் 3.20. நிறுத்தம் ஆறு, கோவில்பட்டியில் இருபது நிமிடத் தூக்கம். கயத்தாறு தாண்டிக் காற்று. காவல்கிணறு விலக்கில் வண்டியை அரை அடி தள்ளியது, 50-க்குக் குறைத்தேன். கடைசி மணி: தெளிவு.